கதை படிக்க ஒரு லீவு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைப் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கதைப் புத்தகம் படிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும், இருக்கிற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பதைப் பற்றி.

எங்க செட்டில் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு 'வீல் ஆஃப் டைம்' என்றால் தெரியும். மாயமந்திரங்கள் நிறைந்த ஆங்கிலத் தொடர் நாவல். எழுதிய ராபர்ட் ஜோர்டான், அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர். தொழில் முறையில் நமக்குச் சொந்தக்காரர். வியட்நாம் போருக்குப் போய் வந்து, பௌதிகம் படித்து, கடற்படையில் அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தவர்.

முதல் நூல் 1990இல் வந்தது. ஆறு நூல்களுக்கு ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய கதை அது. நம் எஸ்டிமேட்டுகளைப் போலவே அதுவும் வளர்ந்தது! 2005இல் 11வது நூல் வந்தபோதும் முடியவில்லை. 2006இல் தனக்கு இதயத்தைப் பாதிக்கும் ஓர் அபூர்வ நோய் என்று ஜோர்டானே வாசகர்களுக்குத் தெரிவித்தார். 2007 செப்டம்பரில், 58 வயதில் காலமானார்.

ஒரு ப்ராஜெக்டைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் எதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த மனிதர் படுக்கையில் இருந்தபடியே கதையின் முடிவை வீட்டாருக்குச் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். குறிப்புகளை விட்டுச் சென்றார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். சிறுவயது முதலே இந்தக் கதையின் வாசகர் அவர். முதலில் 11 நூல்களையும் மறுபடி படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார்.

12வது நூல் 2009 அக்டோபரில் வந்தது. எங்கள் விங்கில் ஒரே பிரதி, ஆறு பேர் வரிசை. ஆளுக்கு மூன்று நாள். முறை வந்தவன் மெஸ்ஸுக்குக்கூட வரமாட்டான். நாங்கள்தான் தட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். படித்து முடித்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

கடைசி நூலான 14வது, 2013 ஜனவரியில் வந்தது. அப்போது எனக்கு வேலை, ஷிஃப்ட் எல்லாம் வந்துவிட்டது. புத்தகம் கைக்கு வந்ததும் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். அது உண்மைதானே! அந்த நூலில் இறுதிப் போர் என்று ஓர் அத்தியாயம். அது ஒன்றே ஏறக்குறைய 200 பக்கம். நிறுத்தி மூச்சு விட இடம் கிடைக்காது. பஸ்ஸில் பத்துப் பக்கம், தூங்கும் முன் நாலு பக்கம் என்று அதைப் படித்தால் யார் எங்கே நிற்கிறார் என்பதே மறந்துபோகும்.

"வேலை, குடும்பம் இருக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாய்லரை ஓட விட்டுக்கொண்டே உள்ளே இறங்கிப் பார்க்க முடியுமா? ஷட்டவுன் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஷட்டவுன் என்றால் முன்கூட்டித் தேதி சொல்லி, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு எடுப்பது. இப்போது என் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு ஒரு புதுப் புத்தகம் என்றால், அடுத்த மாதம் என் மனைவிக்கு அவருக்குப் பிடித்தமாதிரி இரண்டு நாள். குழந்தையும் சமையலும் அன்று என் பொறுப்பு.

தம்பி தங்கைகளே, "நேரம் கிடைச்சாப் படிச்சுக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். வேலைக்குப் போன பிறகு நேரம் தானாகக் கிடைக்காது; கேட்டு வாங்க வேண்டும். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு மனிதர், நமக்குக் கதை பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று கடைசி நாட்களைச் செலவிட்டார். அதற்கு நாம் இரண்டு முழு நாள் கொடுப்பது அதிகமில்லை.