அப்பத்தா ஏன் மூட்டை கட்டுகிறார்?

(அழகர்கோவிலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்குக் கடன், வட்டி பற்றிப் பேசப்போவதில்லை. இந்தப் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு சகோதரி தொடர்ந்து மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி அபராதம் போட்டார்கள். நாங்களும் தீர்மான நோட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். ஏன் வரலைன்னு குழுவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம்தான் வீட்டுக்குப் போனோம். மாமியாருக்கு எண்பது வயது இருக்கும். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு, "நேரமாச்சு, போகணும்" என்று வாசலுக்கு ஓடுகிறார். மறித்தால் அடிக்கிறார், கடிக்கிறார். "இதுதான் அத்தை நம்ம வீடு, எங்க போறீங்க?" என்று மருமகள் சொல்லச் சொல்லக் கோபம் கூடுகிறது. கடைசியில் கதவைப் பூட்டி வைத்தார்கள். ஊரில் சிலர் பேய் பிடிச்சிருக்கு என்றார்கள். சிலர் காலைக் கட்டிப்போடச் சொன்னார்கள்.

பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கும்பிட்டால் மருமகளுக்குத் தெம்பு வரும். ஆனால் இது பேய் இல்லை, டிமென்ஷியா என்கிற மறதி நோய். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், நாற்பது வருஷத்துக்கு முந்தியது நிற்கும். கட்டிப்போடுகிற பேச்சே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது.

மருமகளிடம் ஒன்றுதான் கேட்டோம். "முன்னாடி அத்தை சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்ன செய்வாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பால் கறப்பாங்க. மூணு மாடு இருந்துச்சு. மாமா இறந்த வருஷம் வித்துட்டோம்."

அப்பத்தாவுக்கு அந்த மாடுகள் இன்னும் தொழுவத்தில்தான் நிற்கின்றன. மடி கனத்துக் கத்துகின்றன. நாம் கதவைப் பூட்டினால் அவர் அடிக்காமல் என்ன செய்வார்?

மறுநாளிலிருந்து நாலரை மணிக்கே மருமகள், "அத்தை, மாட்டுக்குத் தீவனம் வைப்போம் வாங்க" என்று பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். மூட்டை கட்டுவது குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம், குளிக்க வைப்பது இன்னும் போராட்டம்தான். ஆனால் பூட்டு இல்லை.

இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்ற பேராசிரியர் 1997-இல் ஒரு புத்தகமே எழுதினார். நோயைப் பார்க்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். நம்ம ஊரில் அந்த ஆளை அறிந்தவர்கள் மருமகளும் அண்டை வீட்டாரும்தான்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு நாளில் திடீரென்று ஆள் மாறிவிட்டால் அது வேறு. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புது மாத்திரை என ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

பார்த்துக்கொள்கிற பெண்ணை யார் பார்க்கிறார்கள்? கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. டாக்டர் அல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப்போய்ப் பேசினார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் குறைந்தது. இதை நம் குழுவால் செய்ய முடியாதா?

அந்தக் குழு அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூட்டம் நடக்கிற இரண்டு மணி நேரமும் அப்பத்தாவுடன் இருக்க முறை போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் ஊக்குநர் முறை. போகும்போது மாட்டுக்கு ஒரு கட்டு அகத்தி கொண்டுபோகிறார்.