ஊட்டித் தொட்டியும் அம்மா கொடுத்த விதையும்

"பிரிம்ரோஸ் நம்ம ஊர்ல வளருமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் ஒண்ணைக் கொன்ன கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. மொட்டை மாடியில ஒத்தை ரூம். ஒரு ஜனவரியில ஊட்டியில தொட்டியோட பிரிம்ரோஸ் வாங்கி, பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டுவந்தேன். பிப்ரவரி வரைக்கும் பூத்துச்சு. மார்ச்ல இலை தொங்கினதும், தாகம்னு நினைச்சு தண்ணியா ஊத்தித் தள்ளினேன். அதுதான் தப்பு. அது குளிர்ப் பிரதேசச் செடி. மண் ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. வெயில் சூட்டுல தண்ணியும் தேங்கினா வேர் அழுகிடும். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துல இருக்கு. எங்க மாடித் தளம் மே மாசம் தோசைக்கல்.

அம்மாகிட்ட சொன்னேன். "செடியை வாங்கிட்ட, குளிரை எங்கடா வாங்குவ?"ன்னு சிரிச்சாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ மிளகு மாதிரி பத்து விதையைத் துணியில முடிஞ்சு கொடுத்தாங்க. அந்திமந்தாரை.

ராத்திரி ஊறவச்சு, அரை இன்ச் ஆழத்துல ஊன்றுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைச்சிடும். அடியில கிழங்கு விடும், அதனால சின்னத் தொட்டி பத்தாது. பழைய பெயிண்ட் வாளியில ஓட்டை போட்டு, செம்மண், மணல், தொழுவுரம் கலந்து, வாளிக்கு ஒரு செடி. எங்க ஏரியாவுல இலை மேல கரித்தூசி படியும், வாரம் ஒருமுறை கழுவிவிடுவேன். செடி மேல காஞ்சாலும் பிடுங்கிடாதீங்க, மழைக்குக் கிழங்கிலிருந்து துளிர்க்கும். விதையும் கிழங்கும் விஷம்; வீட்டுல குழந்தை, நாய்க்குட்டி இருந்தா கவனம்.

பூ சாயங்காலம் விரிஞ்சு காலையில வாடும். நைட் ஷிஃப்ட்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? மத்த செடியெல்லாம் நான் தூங்கும்போது பூக்குது. இது நான் கிளம்பும்போது வாசனையோட நிக்குது.

1909-ல கார்ல் காரென்ஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, வரி விழுந்த இலையுள்ள அந்திமந்தாரையை வச்சுத்தான், அந்த இலை நிறம் தாய்ச்செடி வழியா மட்டும் வருதுன்னு காட்டினாரு. படிச்சப்போ அம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

அம்மா இப்ப அண்ணன் பிளாட்டுக்கு மாறிட்டாங்க. பழைய வீட்டு வாசல்ல சிமெண்ட் போட்டாச்சு. போன வாரம், "உன்கிட்ட அந்த விதை இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வாப்பா, பால்கனியில போட்டுப் பாக்கறேன்"னாங்க. பொங்கலுக்குப் போறேன். ஒரு தீப்பெட்டி நிறைய எடுத்து வச்சிருக்கேன்.