பிரீகாஸ்ட் வீடு வரட்டும், எங்கள் தெருவுக்கே வரட்டும்



என் அம்மா ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சித்தாள் வேலைக்குப் போனவர். வீட்டில் ஜல்லி, சிமெண்ட் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். நம் கூட்டங்களில் மட்டும் ஏனோ கான்கிரீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அது இஞ்சினியர் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்தது. 24 வீடுகள் போயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் சூட்டியதும் அதே ஆண்டுதான்.

பழைய பிளாக்கை இடித்துக் கட்டவேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. கட்டி முடியும்வரை எங்கே போவது? இதுதான் சண்டை. மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் தரும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக்கினார்கள். வேலை மூன்று வருடம் இழுத்தால் மாதத்துக்கு 666 ரூபாய். காசிமேட்டில் அந்தக் காசுக்குத் திண்ணைகூட வாடகைக்குக் கிடைக்காது.

இங்கேதான் பிரீகாஸ்ட் நமக்கு முக்கியமாகிறது. சுவரையும் தளத்தையும் படிக்கட்டையும் தனியிடத்தில் அச்சில் வார்த்து, இறுகவிட்டு, லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கிப் பொருத்துகிறார்கள். அஸ்திவாரம் போடும்போதே அங்கே சுவர் தயாராகிக்கொண்டிருக்கும். மாடிக்கு மாடி சென்ட்ரிங் அடித்துக் காத்திருக்கும் நாள் மிச்சம். பெரும்பாக்கத்தில் ஒன்றிய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் இப்படித்தான் 12 பிளாக்குகளில் 1,152 வீடுகள் எழுந்தன. 2021 ஜனவரி 1 அடிக்கல், 2022 மே 26 திறப்பு. கொரோனா இரண்டாம் அலையும் இதற்குள் வந்து போனது. பதினேழு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? திருவொற்றியூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கிய மக்களைக் கொண்டுபோய் இறக்கிய அதே பெரும்பாக்கம். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தைப் புதுத் தொழில்நுட்பத்தால் வேகமாக வரைய முடிகிறது, அவ்வளவுதான். இடம் அங்கேதான் இருந்தது என்பார்கள். காலி இடத்தில் எப்படியும் கட்டலாம். மக்கள் வாடகை வீட்டில் காத்துக் கிடக்கும் இடத்தில்தான் மிச்சமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு அது வரும்போது நாம் பார்க்கவேண்டியது இணைப்பு. பலகைகள் தொழிற்கூடத்தில் நன்றாகவே வார்க்கப்படலாம். அவற்றைச் சேர்க்கும் கம்பியும் கலவையும் தளத்தில், கையால், அவசரத்தில் நடக்கும் வேலை. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும் ஒரு மூலை முழுக்க அடுக்கடுக்காகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குடியேறத் தொடங்கி இரண்டே மாதம். அதுவும் உழைக்கும் மக்களுக்காகக் கட்டிய வாடகைக் குடியிருப்புதான். 1986இல் அதைப் பிரித்தபோது கலவை இருக்கவேண்டிய இணைப்புகளில் செய்தித்தாளைத் திணித்திருந்தது தெரியவந்தது.

எங்களுக்கோ கூடவே கடல்காற்று. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இணைப்பில் ஈரம் கசிந்தால் அந்த வேலை சீக்கிரம் நடக்கும். இன்னொன்றும் உண்டு: இத்தகைய கட்டடங்களில் பாரம் தாங்குவது பெரும்பாலும் சுவரேதான். இட்லிக் கடைக்கு ஜன்னல் வைக்கிறேன் என்று நாளைக்கு யாரும் இடிக்க முடியாது. கடை வைக்க, வலை போட்டுவைக்க எங்கே இடம் என்பதை வரைபடம் போடும்போதே பெண்களையும் மீனவர்களையும் உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.

வார்ப்பு வேலை தொழிற்கூடத்துக்குப் போனால் கல் சுமக்கிற பெண்களுக்குக் கூலி போகும். தலைச்சுமை ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை, அம்மாவின் கழுத்தைப் பார்த்தவன் நான். அந்தத் தொழிற்கூடத்தில் அச்சு பூட்டவும் கிரேன் ஓட்டவும் அவர்களுக்குப் பயிற்சி தரட்டும் என்கிறேன்.

அடுத்த முறை எங்கள் பகுதிக்கு அதிகாரிகள் கணக்கெடுக்க வரும்போது, அதே இடத்தில் வீடு என்று கதவு எண் போட்ட தாளைக் கையெழுத்தோடு கேட்போம். மாடிக்கு மாடி இணைப்புகளைச் சோதித்த பதிவேட்டைக் குடியிருப்போர் சங்கத்திடம் தரச் சொல்வோம். இரண்டும் கைக்கு வந்த பிறகு வீட்டைக் காலி செய்கிறோம்.