தண்ணீர்க் கணக்கைச் சொல், பிறகு கட்டு

பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, தாண்டிக்குடி என்று மலையின் எல்லாப் பக்கமிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, விவசாயத் தோழர்களே, இளைஞர்களே!

எதற்காக இந்தக் கூட்டம் என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பழனி மலையில் இனி ஒரு விடுதி எழும்ப வேண்டுமானால், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று அந்த ஊர்க் கிராம சபையில் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு சரியில்லை என்றால் கட்டடமும் இல்லை. இதுதான் நம் கோரிக்கை.

உடனே நம்மை வளர்ச்சிக்கு எதிரிகள் என்கிறார்கள். பஸ் விடுங்கள் என்று மனு கொடுத்தது யார்? ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்க வேண்டும் என்று கேட்டது யார்? நாம்தானே! 2019-இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனியாவது நல்ல விலை வரும் என்று சந்தோஷப்பட்டவர்கள் நாம்தானே! அந்தப் பூண்டு விளைந்த படிக்கட்டு வயலில்தான் இன்றைக்கு காட்டேஜ் முளைக்கிறது.

ஒரு சரிவை எப்படி வெட்டுகிறார்கள் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முதலில் மரம் போகும். பிறகு சரிவைச் செங்குத்தாக அரிந்து தளம் போடுவார்கள். அரிந்த மண் ஓடைக்குள் போகும். பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவார்கள். அதில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இருக்காது. ஐப்பசி அடைமழையில் இறங்கும் தண்ணீர், போக வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கும். மண் கனக்கும். சுவர் வயிறு தள்ளும். ஒரு ராத்திரியில் சுவரும் மண்ணும் சேர்ந்து கீழ்வீட்டுக்காரன் கூரைமேல் இறங்கும். மேலே ரூம் எடுத்தவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவார். கீழே இருப்பவன் எங்கே போவான்?

இது மலை உச்சியில் இருக்கிற நமக்கு மட்டும் வந்த கேடு இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்து, கோடையில் ஊற்றாகக் கொடுக்கின்றன. வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கும், தெற்கே மஞ்சளாற்றுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது. இங்கே ஓடையை மண் போட்டு மூடினால், அடிவாரத்தில் பழனி விவசாயியின் வாய்க்கால் காயும். நம் ஊரிலேயே சீசன் வந்தால் என்ன நடக்கிறது? விடுதிக்கு லாரி லாரியாகத் தண்ணீர் ஏறுகிறது. குழாயடியில் நம் பெண்கள் காலிக் குடத்தோடு காத்து நிற்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1990-லேயே மலைப்பகுதி பாதுகாப்புக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். 1993-இல் மலைவாழிடங்களுக்கென்று தனிக் கட்டட விதிகளும், கோடைக்கானலுக்கு ஒரு மாஸ்டர் பிளானும் வந்தன. ஜேசிபியை மலையில் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தைத் துணையாகக் கொண்டு இந்த மலையின் மக்கள் ஜெயித்தும் காட்டியிருக்கிறார்கள். கோடைக்கானலில் இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்ற இடத்தில் 'பிளசன்ட் ஸ்டே' ஹோட்டல் ஏழு மாடி எழுப்பியது. அதற்கு அரசாங்கமே விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றத்துக்குப் போனது. கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்ன தீர்ப்பை 1995-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆட்சியின் கையெழுத்தே இருந்தாலும் மலையின் விதி பெரிது என்று நிலைநாட்டிய ஊர் இது!

ஆனால் அந்த விதி இன்று யார்மேல் பாய்கிறது? அப்பா கட்டிய ஓட்டு வீட்டோடு ஒரு அறை சேர்க்க நம்மவர் விண்ணப்பித்தால், ஃபைல் வருடக்கணக்கில் நகராது. பணம் உள்ளவர் முதலில் கட்டிவிடுகிறார், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்கிறார். ஏழைக்கு ஒரு விதி, ரிசார்ட்டுக்கு ஒரு விதி என்பதை இந்தக் கூட்டம் ஏற்காது.

2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. வரவேற்கிறோம். வண்டியை எண்ணத் தெரிந்த அரசுக்கு, விடுதி அறைகளை எண்ண முடியாதா? ஒவ்வோர் அறையும் குடிக்கும் தண்ணீரை அளக்க முடியாதா?

மேற்குத் தொடர்ச்சி மலைக்காக மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. எதைக் கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை கிராம சபைகளோடு பேசி முடிவு செய்யுங்கள் என்பது அதன் உயிர்நாடி. அதைக் கிடப்பில் போட்டார்கள். 2024 ஜூலையில் அதே மலைத்தொடரில் உள்ள வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் ஒரே ராத்திரியில் மண்ணுக்குள் போனதை நாடே பார்த்தது. பெய்யும் மழையை யாராலும் நிறுத்த முடியாது. எந்தச் சரிவில் மனிதரைக் குடிவைப்பது என்று முடிவு செய்வது மட்டும் நம் கையில்தான் இருக்கிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் இந்த ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற கூட்டமாக அது இனி இருக்கக் கூடாது. உங்கள் ஊரில் எந்த சர்வே எண்ணில் சரிவு வெட்டப்படுகிறது, எந்த ஓடை மூடப்படுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேலையை நிறுத்தத் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலை அன்றைக்கே கையில் வாங்குங்கள். நிலத்துக்கு புரோக்கர் வந்தால், விலை பேசுவதற்கு முன் ஊரோடு பேசுங்கள். அடுத்த கிராம சபையில் நம் எல்லா ஊரிலும் இந்த ஒரே தீர்மானம் நிறைவேறட்டும்: தண்ணீர்க் கணக்கு இல்லாமல் கட்டடம் இல்லை!