ஓரறிவுயிரின் ஓசையற்ற குரல்



திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள நிலப்பரப்பு இன்று தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கிற்று. 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தி தொடங்கிற்று. ஆயினும் அவ்வாலைகளின் இடையே ஏரிகளும் வயல்களும் மேய்ச்சல் மாடுகளும் இன்னும் இருக்கின்றன. ஆலையினுள் ஓர் எந்திரம் பழுதுற்றால் உணர்கருவி நொடியில் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். வெளியே ஏரியில் வாழும் உயிர் நலிவுற்றால் அதனை அறிவிப்பது எது? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்து, மெய்யுணர்வு ஒன்றே உடைய தாவரத்தையும் உயிரென மதித்தது ஜைன அறம். தமிழில் தொல்காப்பிய மரபியலும் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகைப்படுத்துகிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களையும் அறநூலோர் எண்ணிப் பார்த்தனர். கருவிகள் அந்த எல்லையை எட்டியது மிகப் பின்னர்.

உயிரணுவின் சவ்வுக்கு இருபுறமும் மின்னூட்டமுள்ள உப்புத் துகள்கள் ஏற்றத்தாழ்வுடன் நிற்கின்றன. தூண்டல் நேர்ந்ததும் அவை இடம்பெயர்கின்றன, அப்பெயர்ச்சியே மின்துடிப்பு. மனித இதயம் தோலின்மேல் எழுப்பும் துடிப்பு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்களவே ஆகும். அதனை 1887இல் இலண்டனில் முதலில் பதிவுசெய்தவர் அகஸ்டஸ் வாலர். 1909இல் அவர் தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கலங்களில் நிறுத்தி, அதன் இதயத்துடிப்பை அவையோர்க்குக் காட்டினார். அது விலங்கை வதைப்பதாகுமோ என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வினா எழுந்தது. துன்பம் ஏதுமில்லை என்று அமைச்சர் விளக்கமளித்தார். உடலைக் கீறாமலே உயிரின் நிலையை அறியலாம் என்பதற்கு அந்நிகழ்ச்சி நல்ல சான்று.

தாவரத்திற்கு வருவோர் ஜகதீச சந்திர போஸை நினைத்தல் வேண்டும். 1901 மே 10 அன்று இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தாவரத்தின் மின்விளைவை விளக்கிக் காட்டினார். பின்னர்த் தொட்டாற்சிணுங்கியையும், தானே இலையசைக்கும் தொழுகண்ணியையும் பல்லாண்டுகள் ஆய்ந்தார். உடலியலறிஞர் சிலர் அவர் முடிவுகளை ஏற்க மறுத்தனர். 1917இல் கல்கத்தாவில் தம் ஆய்வகத்தை நிறுவி அவர் பணியைத் தொடர்ந்தார். 2013இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர், ஓர் இலை காயமுற்றால் மின்குறிப்பு மற்ற இலைகளுக்குச் சென்று தற்காப்பைத் தூண்டுவதை வெளியிட்டனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மின்துடிப்பு வேறு, வேதனை வேறு. செடியின் துடிப்பை அளக்கும் கருவி, அச்செடி நோவதாகச் சான்று பகர்வதில்லை. அது கூறுவது, உயிர் தன் சூழலுக்கு மறுமொழி தருகிறது என்பது மட்டுமே.

நுண்ணுயிரும் மின்சாரம் தரும் என்பதை 1911இல் இங்கிலாந்தின் பாட்டர் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் கொண்டு காட்டினார். சில பாக்டீரியாக்கள் நீரிலுள்ள கரிமக் கழிவை உண்டு, அதனால் விடுபடும் எலக்ட்ரான்களை மின்முனைக்கு அளிக்கின்றன. நச்சு கலந்தால் அவை சோர்கின்றன, மின்னோட்டமும் குறைகிறது. இதுவே நுண்ணுயிர் உணர்கருவியின் அடிப்படை.

இதன் பயனை ஒரகடத்துச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். கழிவுநீரின் தூய்மையை அளக்கும் உயிர்வேதி ஆக்சிசன் தேவைச் சோதனைக்கு, இந்திய முறையில், 27 பாகை செல்சியசில் 3 நாள் காத்திருத்தல் வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். முடிவு வருமுன் நீர் வாய்க்காலைக் கடந்து ஏரியை அடைந்துவிடலாம். அப்பகுதியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியோ சென்னையின் குடிநீர் ஆதாரம். நுண்ணுயிர் உணர்கருவி ஆய்வக அளவைக்கு மாற்றாகாது. ஆனால் அதற்கு முன்னரே, ஏதோ தவறு நேர்ந்தது என்று குறிப்புக் காட்டும். மதகை மூட அந்தக் குறிப்பே போதும்.

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு ஊறே செய்யாது வாழ இயலாது என்பதை அறநெறி மறைத்ததில்லை. தேவைக்கு மிஞ்சாமையும் விழிப்புமே அணுவிரதத்தார்க்கு விதித்த நெறி. நீரை வடிகட்டிப் பருகிய முன்னோர், துணியில் தங்கிய சிற்றுயிர்களை எறிந்துவிடவில்லை. துணியை நீரால் அலசி, எடுத்த கிணற்றிலேயே அவற்றைச் சேர்ப்பித்தனர். நீரை எடுத்தவன் அந்நீரின் உயிர்க்கும் பொறுப்பாளன் என்பது அச்செயலின் பொருள்.

ஏரிநீரையும் நிலத்தடிநீரையும் எடுக்கும் ஆலைக்கும் அதே பொறுப்பு உண்டு. ஆலை நடத்துவோரும் அங்குப் பணிபுரிவோரும் இவ்வவையில் இருத்தல் கூடும். கருவி கருணையைத் தராது. ‘தெரியாமல் நேர்ந்தது’ என்னும் சமாதானத்தை மட்டும் அது நீக்கிவிடும். தெரிந்தபின் மதகை மூடுவதா திறந்துவிடுவதா என்பது மனிதர் கையில் உள்ளது. அறம் தொடங்குமிடம் அதுவே.