கட்டுரையை அவர்களே எழுதட்டும்

அமெரிக்காவில் வளர்ந்த என் பேத்தி, ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். பக்கவாதம் வந்தவரைத் தானே பித்தான் போடவும் சாப்பிடவும் பழக்கும் சிகிச்சை அது. அங்கே ஓ.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் பல கல்லூரிகளுக்கு ஒருங்கே மனுச் செய்யலாம். உடற்கூறியல், புள்ளியியல் மதிப்பெண்களே போதும் என்று எண்ணி, தன்விளக்கக் கட்டுரையை ஆபீஸ் நோட் மாதிரி நானே எழுதிக் கொடுத்தேன். எங்கும் இடம் கிடைக்கவில்லை.

மறு வருஷம் அவளே எழுதினாள்: சிகிச்சைக் கூடத்தில் உடனிருந்து பார்த்ததையும், லீவில் வந்தபோது வலது கை விழுந்துபோன பாட்டிக்கு இடக்கையால் தோசை விண்டு சாப்பிடப் பழக்கியதையும். இடம் கிடைத்தது.

பேரன் பேத்திகளுக்கு எல்லா உதவியும் செய்யுங்கள். கட்டுரையை மட்டும் அவர்களே எழுதட்டும்.