உர்சுலைன் கன்னியர் நிறுவிய பெண்பள்ளி



நம் சங்கத்தார் பெண்பள்ளி ஒன்று அமைக்கக் கருதி, பழம் பள்ளி ஒன்றன் வரலாறு கூறுமாறு எம்மைப் பணித்தனர். இத்தகைய பள்ளியைக் குறித்து முதற்கண் எழும் வினா, அஃது எவர் வீட்டுப் பெண்களுக்குத் திறக்கப்பட்டது என்பதாம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரத்தைப் பிரஞ்சுக்காரர் 1718-இல் அமைத்தனர். அங்குள்ள படைவீரர் மருத்துவசாலையை நடத்துதற்பொருட்டுப் பிரஞ்சு வாணிகக் கம்பெனியார் 1726-இல் உர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரீகளோடு உடன்படிக்கை செய்தனர். கம்பெனியார் வேண்டியது பிணியாளர்க்குப் பணிவிடை; கன்னியர் உள்ளத்திலிருந்ததோ பெண் கல்வி. மரி திரான்ஷ்பேன் அம்மையாரின் தலைமையில் 1727 பெப்ருவரியிற் கப்பலேறியோர் ஆகஸ்டிலேதான் அந்நகர் சேர்ந்தனர். இடர் மிக்க அப்பயணத்தை, உடன்சென்ற இளங்கன்னி மதலேன் ஆஷார் தம் தந்தையார்க்கு வரைந்த கடிதங்களிற் காணலாம். அவை 1728-இல் ரூவான் நகரில் அச்சேறின.

வந்த சின்னாளிற் பள்ளி தொடங்கிற்று. வெள்ளையர் வீட்டுப் பெண்கள் தங்கிப் பயின்றனர். அடிமைகளாகிய கருநிறப் பெண்டிரும், அந்நாட்டுப் பழங்குடிப் பெண்டிரும் வேறு வேளையில் வந்து மறைக்கல்வி கேட்டனர். 1729-இல் நாச்செஸ் என்னுமிடத்துக் கலகத்திற் பெற்றோரை இழந்த சிறுமியரையும் கன்னியர் வளர்த்தனர். அக்காலத்தில் இஃது அரிய செயலே.

ஆனால் இதனோடு நிறுத்தின் வெறும் புகழுரையாய் முடியும். கம்பெனியார் கன்னியர்க்கு நிலத்தோடு அடிமைகளையும் அளித்தனர், கன்னியரும் ஏற்றனர். காலையில் ஏவல் கொண்டவரையே மாலையில் மாணாக்கியராக இருத்தினர் போலும்! நெடுநாளாக வருகைப் பதிவேடு எழுதிவரும் எமக்கு, ஏட்டில் ஏறாத பெயர்களையும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு.

1803-இல் அந்நாடு அமெரிக்கர் வசமாயிற்று. ஆட்சி மாற்றத்தை அஞ்சிக் கன்னியருட் பலர் கியூபாவிலுள்ள ஹவானாவிற்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோர் குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு விண்ணப்பம் விடுத்தனர். அவர்தம் உடைமைக்கும் நிருவாகத்திற்கும் ஊறு நேராதென அவர் 1804-இல் மறுமொழி எழுதினார். பள்ளி நிலைத்தது. 1912-இல் அந்நகரின் பிறிதோர் பகுதிக்குச் சென்று, இன்றும் நடைபெற்று வருகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய பழைய கன்னிமடமும் சார்ட்டர்ஸ் தெருவில் உள்ளது.

அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1865-இல். அப்போது அப்பள்ளிக்கு வயது 138.